ஒரு பக்கக் கடிதம் தாருங்கள்

தமிழ் நாளிதழ்கள், வார இதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகள், இணைய ஊடகங்கள் ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். சிலருக்கு என் வங்கிக் கணக்கு எண்ணும் தெரியும். அந்த எண்ணுக்கு அவர்கள் வேலை வைப்பதில்லை என்பது வேறு விஷயம். எழுதுவேன், புகைப்படம் எடுப்பேன், காணொளி எடுத்து நானே எடிட் செய்வேன், கேட்டால் ஒலிக்கோப்பாகவும் தருவேன். எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் என் பெயர் இல்லை. சென்னையில் ஒரு நாளிதழில் தொடங்கி, பிறகு பெர்லினில் குடியிருந்து, ஐரோப்பிய ஊர்கள் பலவற்றிலிருந்து செய்தி அனுப்பிப் பிழைத்தேன். இப்போது சொந்த ஊரான தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டேன். ஏன் திரும்பினாய் என்று கேட்காத உறவினர் இல்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எனக்குத் தமிழில் வேலை செய்ய வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான்.

இந்த மடலில் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாத வெளியாள் ஒருவருக்கு வேலை தரும்போது ஒரு பக்கத்தில் கடிதம் தாருங்கள். யாருக்கு, என்ன வேலை, எந்த ஊரில், எத்தனை ரூபாய், எந்தத் தேதிக்குள், படமும் காணொளியும் யாருக்குச் சொந்தம், வேலையின்போது அடிபட்டாலோ வழக்கு வந்தாலோ யார் பொறுப்பு. இவை உங்கள் நிறுவனத் தாளில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். நிரந்தர வேலை கேட்கவில்லை, வருங்கால வைப்பு நிதி கேட்கவில்லை. "போய் எடுத்து வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை வரிக்குப் பதிலாக ஒரு பக்கம்.

இதற்கு ஒரு திறந்த மடலா என்று தோன்றலாம். இந்தத் தாளின் அருமை எனக்குத் தெரிந்தது பெர்லினில்தான். ஜெர்மனியில் சம்பள வேலை இல்லாமல் சுயதொழிலாகப் பத்திரிகைப் பணி செய்ய வெளிநாட்டவருக்குத் தனி வசிப்புரிமை உண்டு. அந்த நாட்டு வசிப்புரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு அதைச் சொல்கிறது. பெர்லின் குடிவரவு அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பித்தால் பட்டப்படிப்புச் சான்றிதழையும் வங்கி இருப்பையும் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிட மாட்டார்கள். "உங்களுக்கு வேலை தருவதாக யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். அன்றுவரை நான் முகம்கூடப் பார்த்திராத ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "இன்ன வகைக் கட்டுரைகளை இவரிடமிருந்து வாங்க உத்தேசித்துள்ளோம், கட்டுரைக்கு இவ்வளவு தருவோம்" என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். அவர்களுக்கு அது தினசரி வேலைகளில் ஒன்று. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஒவ்வொரு கடிதத்தையும் விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே வாசித்தார். தொகை எழுதியிருந்த இடத்தில் மட்டும் பென்சிலால் சிறு கோடு போட்டார். அந்தக் கோடுகளைக் கூட்டித்தான் என்னால் வாடகை கட்ட முடியுமா என்று முடிவு செய்தார் என்று நினைக்கிறேன்.

அந்தத் தாள்கள் கையில் வந்தபின் மற்றவை தாமாக நடந்தன. கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் என்று ஜெர்மனியில் ஒரு சமூகக் காப்பீட்டு நிதியம் இருக்கிறது. 1983 முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு அது. சுயதொழிலாக எழுதிப் பிழைக்கிறவர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதியைக் கட்டினால் போதும். மீதிப் பாதியில் ஒரு பங்கை அரசு தருகிறது. இன்னொரு பங்கை, வெளியாட்களின் படைப்பை வாங்கிப் பயன்படுத்தும் நிறுவனங்கள் தருகின்றன. அவர்கள் வெளியாட்களுக்குக் கொடுக்கும் ஊதியத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தைக் கணக்குப் பார்த்து அந்த நிதியத்துக்குக் கட்ட வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைக்காததால் நிறுவனத்துக்கு மிச்சமாகும் பணத்தில் ஒரு துளி, அந்த ஆளின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போகிறது. என்னைக் கேட்டால், அந்த நாட்டில் நான் பார்த்த கதீட்ரல்களைவிட இந்த ஏற்பாடுதான் அழகு.

பிரான்சில் இன்னும் ஒருபடி மேலே போய்விட்டார்கள். 1974-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பத்திரிகையாளரையும் ஊழியராகவே கருத வேண்டும். இல்லை என்றால், இல்லை என்பதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். பத்திரிகையாளர் அட்டையும் அவர்களுக்குக் கிடைக்கும்.

அங்கே பாலும் தேனும் ஓடியது என்று நான் கதைவிடவில்லை. கட்டுரைக் கூலி ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. இந்தியாவிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டால் வெயில், பசு, சாதிக் கொலை இவற்றைத் தாண்டி அவர்கள் கற்பனை நகராது. தாமிரபரணிக் கரையில் மணல் போன கதையைச் சொன்னால், கங்கை பற்றி எழுத முடியுமா என்று கேட்ட ஆசிரியரும் உண்டு. ஆனால் வேலை வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுத்தில் சொன்னார்கள். வேண்டும் என்றாலும் எழுத்தில் சொன்னார்கள்.

அந்தப் பழக்கம் அவர்களுக்கும் சும்மா வந்துவிடவில்லை. அமெரிக்காவின் ஜேம்ஸ் ஃபோலி எந்த நிறுவனத்தின் ஊழியரும் அல்லர். எழுதியும் காணொளி எடுத்தும் விற்றுவந்தவர். 2012 நவம்பரில் வடக்கு சிரியாவில் கடத்தப்பட்டு 2014 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே அவரைப் போலவே தனியாளாக வேலை செய்த ஸ்டீவன் சாட்லாஃபும் கொல்லப்பட்ட செய்தி வந்தது. தன் ஊழியர்களை அனுப்பத் துணியாத இடத்துக்குத் தானாகப் போகும் தனியாட்களிடமிருந்து படம் வாங்க மாட்டோம் என்று ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் அப்போது அறிவித்தது. 2015 பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ், ஏ.பி., ஏ.எஃப்.பி. உள்ளிட்ட நிறுவனங்களும் பத்திரிகையாளர் அமைப்புகளும் சேர்ந்து ஒரு பாதுகாப்புக் கோட்பாட்டுக்கு ஒப்புக்கொண்டன. அதில் தலைக்கவசம், முதலுதவிப் பயிற்சி பற்றியெல்லாம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதிகம் பேர் கவனிக்காத வேறொரு வரி: வேலைக்கு அனுப்புவதற்கு முன்பே, என்ன கூலி, எந்தச் செலவுகள் நிறுவனத்துடையவை என்பதைத் தெளிவாக வரையறுக்க வேண்டும். உயிர்ப் பாதுகாப்பு பற்றிய ஆவணத்தில் கூலி எதற்கு? காசு எப்போது வரும் என்று தெரியாதவன் பஸ்ஸுக்குக் காத்திருப்பான், மலிவான விடுதியில் தங்குவான், இருட்டிய பிறகு தனியாகத் திரும்புவான். செய்தி வேலையில் ஆபத்து பாதி அங்கேதான் இருக்கிறது.

நம் ஊருக்கு வருகிறேன்.

இங்கே களத்தில் இறங்கினால் முதல் கேள்வி, "எந்தச் சேனல்?" என்பதுதான். எங்கள் ஊரின் திரேஸ்புரத்தில் ஒரு நாள் மீனவப் பெண்கள் மறியல் செய்துகொண்டிருந்தார்கள். மற்ற நிருபர்களின் மைக்குகளில் எல்லாம் வண்ண வண்ணமாய்ச் சதுர லோகோ. என் மைக் மொட்டைக் கறுப்பு. பேசிக்கொண்டிருந்த அம்மாள் என் மைக்கைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "இது எதில் வரும், தாயி?" என்று கேட்டார். வாரக் கடைசியில் இன்ன இணையதளத்தில் வரும் என்றேன். அவர் திரும்பி லோகோ இருந்த மைக்கைப் பார்த்து மீண்டும் முதலிலிருந்து பேசத் தொடங்கினார். நியாயம்தான்; அவர் நேரமும் காசுதான். சற்று நேரத்தில் ஆய்வாளர் வந்தார். எல்லோரையும் விட்டுவிட்டு என்னிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டார். என்னை அங்கே அனுப்பிய ஆசிரியரின் வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினேன். "இது யார் வேண்டுமானாலும் அனுப்பலாமே" என்றார். எனக்கு அதற்குப் பதில் இல்லை. அவர் சொன்னது சரி. ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள், போய் நின்றேன்.

இது சில்லறைச் சங்கடம். பெரிய விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கேரளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன் 2020 அக்டோபரில், தலித் இளம்பெண் ஒருவரின் மரணத்தால் செய்தியாகியிருந்த உத்தரப்பிரதேசத்தின் ஹாத்ரஸுக்குப் போகும் வழியில் கைது செய்யப்பட்டார். அவரிடம் இருந்தது 2018-இலேயே மூடப்பட்ட நாளிதழின் அட்டை என்பதை உத்தரப்பிரதேச அரசு உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு வாதமாக வைத்தது. ஜாமீன் கிடைத்து அவர் வெளியே வந்தபோது 2023 பிப்ரவரி. சத்தீஸ்கரில் முகேஷ் சந்திராகர், யூடியூபில் 'பஸ்தர் ஜங்ஷன்' நடத்திக்கொண்டு, தொலைக்காட்சிகளுக்கும் செய்தி கொடுத்துவந்தவர். சாலைப் பணி முறைகேடு பற்றிய செய்தி வெளியான பின், 2025 ஜனவரி தொடக்கத்தில் பிஜாப்பூரில் ஒரு கழிவுநீர்த் தொட்டியிலிருந்து அவர் உடல் எடுக்கப்பட்டது. ஒரு தாள் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்லும் அளவுக்கு நான் அப்பாவி அல்ல. ஆனால் பெரிய நகரத்து அலுவலகங்கள் சின்ன ஊர்களின் ஆபத்தான செய்திகளை எந்த மாதிரி ஆட்களை நம்பி வாங்குகின்றன என்பதை அந்தச் சாவு நாட்டுக்கே காட்டியது.

அரசின் பத்திரிகையாளர் அங்கீகார அட்டை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு அங்கீகார விதிகளின்படி, தனியாளாகப் பணிபுரியும் பத்திரிகையாளருக்கு அட்டை வேண்டுமானால் 15 ஆண்டு அனுபவம் வேண்டும். நிறுவன ஊழியருக்கு 5 ஆண்டு போதும். 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், நாளிதழ் நிறுவனங்களில் 'பணியமர்த்தப்பட்டவரை' மட்டுமே பத்திரிகையாளராகப் பார்த்தது. அதை உள்வாங்கிக்கொண்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு தொலைக்காட்சியையும் இணையத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் 'பணியமர்த்தப்பட்ட' என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது. ஆக, சட்டத்தின் கண்ணுக்கு நான் தெரிய வேண்டுமானால் உங்கள் தாள் ஒன்று வேண்டும். எந்தச் சலுகைக்கு விண்ணப்பித்தாலும் கவுன்டரில் முதலில் கேட்பது, "நிறுவனத்திலிருந்து கடிதம் இருக்கிறதா?"

என் தோழி ஒருத்தி வெளிநாட்டிலேயே குடியுரிமை வாங்கிவிட்டு இங்கே வந்து வேலை செய்ய நினைத்தாள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் இங்கே பத்திரிகைப் பணி செய்யச் சிறப்பு அனுமதி பெற வேண்டும் என்று 2021 மார்ச்சிலிருந்து விதி. அவள் வரவில்லை. நான் பாஸ்போர்ட்டை மாற்றாததால் தப்பித்தேன். தாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று அரசுக்குத் தெரிந்த அளவுக்கு ஊடகங்களுக்குத் தெரியவில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது. தண்ணீர் வடியத் தொடங்கிய உடனே நான் அங்கே போனேன். கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் அலமாரியிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினார். சேறு உதிரவில்லை, சேலை முறத்தைப் போல விறைத்து நின்றது. அவர் எதுவும் பேசவில்லை. உதறினார், ஓரமாக வைத்தார், அடுத்ததை எடுத்தார். அந்தக் காட்சியை ஒரு நிமிடத்துக்கு மேல் வெட்டாமல் எடுத்தேன். ஊரில் மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. நெடுஞ்சாலைவரை வந்து, ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் நின்று, "உடனே அனுப்புங்கள்" என்று கேட்டிருந்த ஒரு சேனலுக்கு அனுப்பினேன். அன்றிரவும் மறுநாளும் அது ஓடியது. மூலையில் ஒரு வரி: 'நன்றி: சமூக வலைதளம்'. அழைத்துக் கேட்டேன். "வாட்ஸ்அப்பில் வந்தது, யார் எடுத்தது என்று தெரியவில்லை" என்றார் டெஸ்கில் இருந்தவர். அனுப்பியது நான்தான் ஐயா என்றேன். அவர் பாவம், இரவுப் பணிக்காரர். காசும் வரவில்லை, பெயரும் வரவில்லை. அந்தச் சேனலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இப்படி நடப்பது அங்கே மட்டும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

இனிச் சொல்வது உங்கள் சட்டப் பிரிவுக்கு. பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17. வெளியாள் எழுதித் தரும் எழுத்துக்கு முதல் உரிமையாளர் அந்த ஆள்தான். ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் திரைப்பதிவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நான் ஒரே நாளில் ஒரே ஊரில் ஒரே ஆளிடம் வாங்கிய செய்தியில் வாக்கியம் எனக்கு, முகம் உங்களுக்கு. காசு கொடுக்காமலே எடுத்துக்கொண்ட படம் யாருக்கு? வக்கீல்கள் நன்றாகச் சம்பாதிக்கக்கூடிய கேள்வி அது. இதில் உங்களுக்கும் ஒரு பொறி இருக்கிறது. 19-வது பிரிவின்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்திலும் கையெழுத்தோடும் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுக்குத்தான் செல்லும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். நீங்கள் வெளியாட்களின் பழைய கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகவும் மின்னூலாகவும் விற்கிறீர்களே, உள்ளே எத்தனை பேரின் கையெழுத்து உங்கள் கோப்பில் இருக்கிறது? ஒரு பக்கக் கடிதம் இருந்தால் இந்தக் கேள்வியை நான் கேட்க முடியாது.

காசு விஷயத்துக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 'உத்யம்' என்ற அரசுத் தொழில் பதிவு வைத்திருக்கும் என் போன்ற சேவையாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவு இலவசம், நானும் செய்து வைத்திருக்கிறேன். பயன்படுத்தியதில்லை. புகார் கொடுத்தவருக்கு அடுத்த வேலை வராது என்பது நமக்குள் எழுதாமலே கையெழுத்தான ஒரே ஒப்பந்தம். வேடிக்கை ஒன்று சொல்கிறேன். சில நிறுவனங்கள் என் பில்லைக் கணக்கில் ஏற்றியதும் வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்திவிடுகின்றன. வருமான வரித் தளத்தில் என் பெயருக்கு நேரே டி.டி.எஸ். ஏறிவிடுகிறது. அதாவது, எனக்கு வராத பணத்துக்கு நான் வரி கட்டிவிட்டேன். அரசுக்குத் தேதி தவறாமல் போய்ச் சேர்கிறது, எடுத்தவருக்குத்தான் வழி தெரியவில்லை.

நான் பேசிப் பார்த்த ஆசிரியர்கள் சொன்ன மறுப்புகள் எனக்கு மனப்பாடம். கடிதம் கொடுத்தால் நாளைக்கு நிரந்தர வேலை கேட்டு வழக்குப் போடுவார்கள் என்பது ஒன்று. உண்மை நேர்மாறானது: என்ன வேலை, எத்தனை நாள், அது முடிந்ததும் உறவும் முடிந்தது என்று எழுதிய தாள்தான் உங்களைக் காக்கும், எதுவும் எழுதாமல் ஆண்டுக்கணக்கில் ஒருவரிடம் வேலை வாங்குவதுதான் வழக்குக்கு இடம். பட்ஜெட் இல்லை என்பது இன்னொன்று. தாளுக்குப் பட்ஜெட் தேவையில்லை. குறைந்த தொகை என்றால் குறைந்த தொகையை எழுதுங்கள். ஏற்பதும் மறுப்பதும் என் பாடு. மூன்றாவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. களத்தில் ஏதாவது ஆனால், "இவர் எங்கள் ஆள் இல்லை" என்று சொல்லும் வசதி போய்விடும் என்பது. அந்த வசதியைத்தான் நான் உங்களிடமிருந்து பறிக்கப் பார்க்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

என்னைப் பற்றி மட்டும் பேசுவதாக எண்ண வேண்டாம். வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள் இங்கே வரும்போது ஆளையும் இடத்தையும் ஏற்பாடு செய்து தரும் ஃபிக்ஸராக வேலை பார்த்தாவது எனக்கு அரிசி வாங்க முடியும். அவர்கள் இன்னமும் கடிதம் எழுதித்தான் அனுப்புகிறார்கள். தாலுகா நிருபர்களின் நிலை என்ன? மாதம் ஒரு மதிப்பூதியம், அல்லது வெளியான செய்திக்கு இவ்வளவு. அதோடு பொங்கல் மலருக்கும் தீபாவளி மலருக்கும் விளம்பர இலக்கு. யார் ஊழலை எழுத வேண்டுமோ அவரிடமே விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும். பெட்ரோல் அவர் காசு, செல்பேசி அவர் காசு. விபத்தில் செத்துப்போனால் அந்த இதழிலேயே ஒற்றைப் பத்தியில், 'பகுதிநேரச் செய்தியாளர்' என்று. பத்திரிகையாளர் சந்திப்பில் பணக் கவர் வாங்குகிறான் என்று அவரை ஏளனம் செய்வது தலைநகரத்தில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எளிது. மாதச் சம்பளக்காரர்கள் எல்லோரும் கவர் வாங்காதவர்கள் என்றும் எனக்குத் தெரிந்த வரலாறு சொல்லவில்லை.

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் உங்கள் டெஸ்கிலிருந்து எனக்கு அழைப்பு வரும். தூத்துக்குடியில் யார் இருக்கிறார்கள், ஸ்ரீவைகுண்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று நள்ளிரவில் எண்களைத் தேடுவீர்கள். அந்த நேரத்தில் கடிதம் தட்டச்சு செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது என்பதால் மாதிரிக் கடிதம் ஒன்றை நானே தயாரித்திருக்கிறேன். தமிழில், ஒரே பக்கம். தொகைக்கும் தேதிக்கும் ஊருக்கும் இடம் விட்டிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள், வரிகளை மாற்றுங்கள், தொகையில் பேரம் பேசுங்கள். பத்துப் பிரதிகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டு டெஸ்க் மேசையில் வைத்துவிடுங்கள். பிறகு கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் வண்டியை எடுக்கிறேன்.

இப்படிக்கு,
தனியாளாகப் பணிபுரியும் பத்திரிகையாளர்,
தூத்துக்குடி